காலின் தோலில் பிராணவாயு

மட்டக்களப்பு மாவட்டத்தின் வாகரைப் பிரதேசத்தில் ஒருவர் எந்தத் தொழிலைக் கொண்டு பிழைத்தாலும் அத்தொழில் அவருடைய கால்களின்மீதே நிற்கிறது. உப்பாற்றில் இடுப்பளவு நீரில் நின்று வலை வீசுகிறவரும், கடற்கரையில் கரைவலை இழுக்கிறவரும், கண்டல் வேர்களுக்கிடையே நண்டு தேடுகிறவரும், கட்டுமுறிவுப் பக்கத்து வயல்களில் சேறு மிதிக்கிறவரும், காட்டுக்குப் போய்வரும் கரையோர வேடர் குடும்பத்தாரும் ஆகிய இவர்களிற் பலர் செருப்பில்லாமலே வேலை செய்வர். ஆகையால் சிப்பியோடு கீறுவதும் முள் ஏறுவதும் அவர்களுக்கு நாளாந்தம் நேருகின்ற அற்பமான சங்கதிகள். நல்ல சரீரத்தில் அத்தகைய காயம் ஒரு கிழமைக்குள் மூடிவிடும். ஆனால் பல வருஷங்களாகச் சீனி வருத்தத்தோடு வாழ்ந்தவருக்கும், இளமை தொட்டுப் பீடியும் சுருட்டும் பழகியவருக்கும் அதே காயம் மூடாமல் நின்று, விளிம்பு வெளுத்து, நடுவில் கறுத்து, மாதக்கணக்காக மருந்து கட்டியும் ஆறாத புண்ணாக மாறுவதுண்டு. அந்த வேளையில் வீட்டாருடைய மனத்திலும் வைத்தியருடைய மனத்திலும் எழுகின்ற வினா ஒன்றே: இந்தப் புண் ஆறுமா, அல்லது காலை எடுக்க வேண்டி வருமா?

இவ்வினாவுக்குப் புண் இருக்கும் தோலிலேயே விடை தேடுகின்ற ஒரு பரீட்சை கடந்த அரை நூற்றாண்டாக வைத்திய உலகில் வழங்கி வருகிறது. தோலின்மேல் ஒரு சிறு மின்வாயை ஒட்டி, அதன் அடியிலுள்ள திசுவில் பிராணவாயு எவ்வளவு அழுத்தத்தோடு இருக்கிறது என்பதை அளப்பதே அப்பரீட்சை. அது எவ்வாறு பிறந்தது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது, வாகரை போன்ற ஒரு தூரப் பிரதேசத்தின் ரோகிக்கு அது எந்த இடத்தில் பிரயோஜனப்படும் என்னும் விஷயங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ரோகத்தைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். இருதயத்திலிருந்து காலுக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் நாடிகளின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து அவை நாளடைவில் ஒடுங்கிப்போவதே பெரும்பாலாருக்குக் காரணம். புகைப் பழக்கம் உடையவரில் தொடையின் பெரிய நாடியும் அதற்கு மேலுள்ளவையும் விசேஷமாகப் பாதிக்கப்படும். நீரிழிவுடையவரிலோ முழங்காலுக்குக் கீழே இறங்கும் மெல்லிய நாடிகளே முந்திக் கெடும். 1908இல் லியோ பர்கர் என்னும் அமெரிக்க வைத்தியர் விவரித்த மற்றொரு வியாதியும் உண்டு. அது கொழுப்புப் படிவினாலன்றி நாடிச் சுவரின் அழற்சியினால் உண்டாவது, நாற்பது ஐம்பது வயதுக்கு உட்பட்ட புகைப்பாளரைத் தேடிப் பிடிப்பது. கால் நாடி நோயாளரிடையே பர்கர் வியாதியின் பங்கு மேற்கு ஐரோப்பாவில் 0.5 முதல் 5.6 சதவீதமாகவும் இந்தியாவில் 45 முதல் 63 சதவீதமாகவும் பழைய கணிப்புகளில் காணப்படுவதிலிருந்து, நம்முடைய பிரதேசங்களில் பீடி செய்யும் சேதம் எத்தகையது என்று ஊகிக்கலாம்.

இந்நோயின் பரவலைப் பற்றி நம் அயலிலேயே அளவிட்டறிந்தவர் உளர். சென்னையில் நடைபெற்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் நகரவாசிகளுள் 3.2 சதவீதத்தினருக்கும், நீரிழிவுடையோரை மட்டும் பிரித்துப் பார்த்தபோது 6.3 சதவீதத்தினருக்கும் கால் நாடிகள் ஒடுங்கியிருந்தன. இலங்கையில் கம்பஹா மாவட்டத்தில் 40 முதல் 74 வயது வரையுள்ள ஏறத்தாழ 2,900 பேரைப் பரிசோதித்து 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வு 3.6 சதவீதம் என்று கண்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதில் வேற்றுமை இருக்கவில்லை. 2018–2019இல் நாடு முழுவதும் நடத்தப்பட்ட ஆய்வின்படி இலங்கையில் வயது வந்தோருள் 23 சதவீதத்தினர் நீரிழிவுடையவர்கள். இந்த எண்ணைக் கம்பஹாவில் கண்ட எண்ணின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு, வரப்போகும் இருபது வருஷங்களில் ஆறாத காற்புண்கள் எத்தனை வைத்தியசாலைகளின் கட்டில்களை நிரப்பும் என்பது தெரியாமற்போகாது.

சென்னை, கம்பஹா ஆய்வுகள் இரண்டும் பயன்படுத்திய அளவுகோல் கணுக்கால் அழுத்தம். கையில் பிரஷர் பார்ப்பது போலவே கணுக்காலிலும் பட்டையைச் சுற்றி அழுத்தத்தை அளந்து, அதைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் வரும் விகிதம் 0.9க்குக் குறைவாக இருப்பின் நாடி ஒடுங்கியிருக்கிறது என்று கொள்வர். 1950இல் வின்ஸர் என்பவர் எடுத்துக்காட்டிய இம்முறை எளியது, செலவு குறைந்தது, பெரும்பாலும் நம்பத்தக்கது. ஆனால் எவருக்கு அது மிகவும் தேவையோ அவரிடத்திலேயே அது பொய்த்துவிடுகிறது என்பதுதான் துரதிர்ஷ்டம். நெடுநாள் நீரிழிவிலும் சிறுநீரக நோயிலும் நாடியின் நடுச்சுவரில் சுண்ணம் படிந்து அது விறைத்த குழாயாகிவிடும். பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அக்குழாய் நசியாது. அதனால் உள்ளே இரத்தம் சொற்பமாக ஓடும்போதும் விகிதம் 1.0 என்றும், சில வேளை 1.4க்கு மேலும் காட்டும். கால் கறுத்துக்கொண்டிருக்கையில் கடதாசியில் எழுதப்பட்ட எண் சுகமென்று சொல்லும். ஆகவே சென்னையிலும் கம்பஹாவிலும் கண்ட சதவீதங்களை நோயின் கீழெல்லையாகவே நான் கொள்கிறேன்.

கணுக்காலின் அழுத்தம் பெரிய நாடியின் செய்தியை மட்டுமே கொண்டுவருகிறது என்பதும் சிந்திக்கத்தக்கது. பிரதான வாய்க்காலில் நீர்மட்டம் எவ்வளவு என்று பார்த்த மாத்திரத்தில் கடைசி வயலின் பயிருக்குத் தண்ணீர் எட்டியது என்று கமக்காரர் எவரும் நிச்சயிக்கமாட்டார். வரம்பின்மேல் நடந்துபோய் அந்த வயலையே பார்ப்பார். புண் ஆறுவது பெருநாடியிலன்று. தோலின் மயிர்த்துளைக் குழாய்களில். அங்கே பிராணவாயு எட்டினால்தான் புதுச்சதை வளரும், நுண்கிருமிகளோடு வெள்ளணுக்கள் போரிடும், நார்ப்பொருள் உருவாகிப் புண்ணின் வாய் மூடும்.

தோலுக்கூடாக வாயுக்கள் கடந்துசெல்லும் என்பதை 1851இலேயே கெர்லாக் என்னும் ஜெர்மானிய அறிஞர் எழுதியிருக்கிறார். ஆயினும் அது நூறு வருஷகாலம் ஒரு விநோதமான செய்தியாகவே கிடந்தது. 1951இல் அமெரிக்காவில் போம்பெர்கர், குட்பிரெண்ட் என்னும் இருவர் ஒருவருடைய விரலை 45 பாகை வெப்பமுள்ள திரவத்தில் அமிழ்த்திவைத்துச் சற்று நேரத்தின் பின் அத்திரவத்தின் பிராணவாயு அழுத்தத்தை அளந்தபோது, அது நாடி இரத்தத்தின் அழுத்தத்தை அணுகியிருக்கக் கண்டனர். ஊசி குத்தாமல், ஒரு துளி இரத்தம் சிந்தாமல், விரலைச் சூடான நீரில் வைத்தே இரத்தத்தின் பிராணவாயுவை அறியலாம் என்னும் அந்தக் கண்டுபிடிப்பின் எளிமை இன்று வாசிக்கிறவரையும் வியக்கச் செய்யும். அளப்பதற்கு வசதியான கருவி மட்டும் அன்று இல்லை. அதனை 1954இல் ஒஹையோ மாநிலத்தில் பணியாற்றிய லீலன்ட் கிளார்க் அமைத்தார். இருதய சத்திரசிகிச்சையின்போது இரத்தத்துக்குப் பிராணவாயு ஏற்றும் யந்திரமொன்றை உருவாக்கிக்கொண்டிருந்த அவர், பிளாற்றின முனையையும் அதற்குத் துணையான வெள்ளி முனையையும் ஒரே மென்சவ்வுக்குப் பின்னால் வைத்து மூடினார். சவ்வினூடாகப் புகும் பிராணவாயு பிளாற்றினத்தின்மேல் மின்னேற்றத்தைப் பெற்று மாற்றமடையும்போது சிறு மின்னோட்டம் பிறக்கிறது; அம்மின்னோட்டம் பிராணவாயுவின் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. இன்று உலகெங்கும் இரத்த வாயுக்களை அளக்கும் யந்திரங்களின் உள்ளே இருப்பது இந்தத் தத்துவமே.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியின் மார்புர்க் நகரில் லூபர்ஸ் என்னும் உடற்றொழிலியலாளரும், ஹூக் தம்பதியரும் அம்மின்வாய்க்குள் ஒரு சூடேற்றியை வைத்துத் தோலின்மேல் ஒட்டத்தக்கதாக்கினர். அவர்கள் கருதியது காலையன்று. குறைமாதத்திற் பிறந்த சிசுக்களை. சிசுவின் சின்னஞ்சிறு நாடியை அடிக்கடி குத்தாமல் அதன் பிராணவாயுவைக் கவனிப்பதற்காகப் பிறந்த உபகரணம் பின்னர் வளர்ந்தோரின் காலுக்கு வந்தது. சிசுவில் அது நுரையீரலைப் பற்றிப் பேசியது. முதியவரின் பாதத்தில் அதே கருவி நாடியைப் பற்றிப் பேசுகிறது. ஒரு குறைபாடென்று முன்னர் கருதப்பட்டதே, அதாவது இரத்தவோட்டம் குன்றிய தோலில் எண் தாழ்ந்துவிடுகிறது என்பதே, இங்கே அதன் பிரதான குணமாயிற்று.

பரீட்சை நடக்கும் விதத்தை அருகிருந்து பார்ப்போம். ரோகி மிதமான வெப்பமுள்ள அறையில் மல்லாந்து படுத்துப் பத்துப் பதினைந்து நிமிஷம் இளைப்பாறுகிறார். அதற்கு முன் சில மணி நேரம் புகைத்திருக்கக் கூடாது, கோப்பி குடித்திருக்கக் கூடாது. பாதத்தின் மேற்புறத்தில், எலும்பும் நரம்புக்கயிறும் பருத்த நாளமும் இல்லாத ஓரிடத்தைத் தாதி தேர்ந்து, மயிரை மழித்து, மதுசாரத்தால் துடைத்து உலர்த்துகிறார். ஒரு சிறு வளையம் தோலில் ஒட்டப்படுகிறது. அதன் குழிக்குள் சில துளி திரவம் விடப்படுகிறது. காற்றுக்குமிழ் ஒன்றேனும் சிக்காதவாறு மின்வாய் அதற்குள் திருகப்படுகிறது. குமிழ் சிக்கினால் கருவி ரோகியை விட்டு அறையின் காற்றை அளக்கத் தொடங்கிவிடும். கடல்மட்டத்துக் காற்றில் பிராணவாயுவின் அழுத்தம் ஏறக்குறைய 159 மில்லிமீற்றர் இரசம் ஆகையால் எண் வீணாக ஏறும். அந்தக் காற்றைக் கொண்டே கருவி முன்னதாகச் சரிபார்க்கப்படுகிறது என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது. மின்வாய் 43 முதல் 45 பாகை வரை சூடாகிறது. அச்சூட்டில் தோலின் நுண்குழாய்கள் முழுவதும் விரிகின்றன, மேற்றோலின் கொழுப்புப் படை இளகி வாயுவுக்கு வழி விடுகிறது. திரையில் எண் முதலில் விழும், பின்னர் மெல்ல ஏறும், பதினைந்து இருபது நிமிஷத்தில் ஓரிடத்தில் நிலைபெறும். அதுவே குறிக்கப்படும் எண். மின்வாய் கழற்றப்பட்டதும் நாணயமளவு சிவந்த வட்டமொன்று தோலில் எஞ்சி, சில மணி நேரத்தில் மறையும். இரத்தவோட்டம் மிகக் குறைந்த தோல் எளிதில் வெந்துவிடும் ஆதலால் அத்தகைய காலில் சூட்டையும் நேரத்தையும் மட்டுப்படுத்துவது முக்கியம்.

அதே வேளையில் இரண்டாவது மின்வாய் ஒன்றை நெஞ்சில், காறையெலும்புக்குக் கீழே ஒட்டுவது நல்ல வழக்கம். நுரையீரல் நோயாலோ இருதய நோயாலோ சரீரம் முழுவதும் பிராணவாயு குன்றியிருந்தால் பாதத்தின் எண்ணும் குன்றும். அதைக் கொண்டு நாடி அடைத்தது என்று தீர்ப்புச் சொல்வது பிழை. நெஞ்சின் எண் அந்தப் பிழையைத் தடுக்கும். பிரான்சின் அன்ஷே நகரத்தைச் சேர்ந்த ஆபிரகாம் என்பவரும் அவரது குழுவினரும் இதையே இன்னொரு படி மேலே கொண்டுசென்று, ரோகியை நடக்கும் யந்திரத்தில் நடக்கவிட்டு நெஞ்சின் மாற்றத்தைப் பிட்டத்தின் மாற்றத்திலிருந்து கழித்துப் பார்த்தனர். 15 மில்லிமீற்றருக்கு மேல் தாழ்வு காணப்படின் இடுப்புக்குள்ளிருக்கும் நாடிகளில் அடைப்பு உண்டென்று கொள்ளலாம் என்பது அவர்கள் கண்ட முடிபு. இடுப்பு வலியென்றும் முள்ளந்தண்டுத் தேய்வென்றும் பல வருஷம் மருந்து குடித்தவர்களுள் சிலருக்கு உண்மையான காரணம் இவ்வாறு வெளிப்பட்டது.

எண்கள் சொல்வது யாது? ஆரோக்கியமுள்ள பாதத்தில் 50 மில்லிமீற்றருக்கு மேலும் பெரும்பாலும் 60ஐ ஒட்டியும் காணப்படும். 40க்குக் கீழே இறங்கினால் புண் ஆறுவதில் சந்தேகம் தொடங்குகிறது. 30க்குக் கீழே கால் அபாயத்தில் இருக்கிறது. 2014இல் அமெரிக்க நாடிச் சத்திரசிகிச்சையாளர் சங்கம் வகுத்த தர வரிசையில் 60க்கு மேற்பட்டது குறையற்றது. 40 முதல் 59 வரை முதலாந்தரக் குறைவு. 30 முதல் 39 வரை இரண்டாந்தரம். 30க்குக் கீழ்ப்பட்டது மூன்றாந்தரம், அதுவே மிகக் கொடியது. நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசக் குழுவின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டல் 25க்கு மேற்பட்ட அழுத்தம் புண் ஆறும் சாத்தியத்தைக் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்துகிறது என்றும், 25க்குக் கீழ்ப்பட்டவருக்கு நாடிகளைத் தாமதமின்றிப் படம் பிடித்து இரத்தவோட்டத்தை மீட்க முயலவேண்டும் என்றும் கூறியது.

இவ்வெல்லைகள் ஒன்றோடொன்று இசையாமலிருப்பதைக் கண்டு சிலர் பரீட்சையையே சந்தேகிக்கின்றனர். எனது அபிப்பிராயத்தில் குறை எல்லை வகுத்தோரிடத்தில் இல்லை; தோலின் இயல்பிலேயே இருக்கிறது. இரத்தவோட்டமும் தோலின் பிராணவாயு அழுத்தமும் நேர்கோட்டில் ஏறி இறங்குவனவல்ல. ஓட்டம் நிறைந்திருக்கும்போது அது பாதியாகக் குறைந்தாலும் எண் சிறிதே அசையும். ஓட்டம் மிகத் தாழ்ந்த நிலையை எட்டியதும் எண் சரிந்து விழும். திசு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பின் எஞ்சுவதையே மின்வாய் காண்கிறது. ஆகவே எண் பூச்சியம் என்றால் இரத்தமே வரவில்லை என்பதன்று பொருள். வந்த பிராணவாயு முழுவதும் செலவாகிவிட்டது என்பதே பொருள். இதனால் இரண்டு முடிபுகள் பெறப்படும். நடந்தால் மாத்திரம் கெண்டைக்கால் வலிக்கிற ஆரம்ப நோயைக் கண்டுபிடிக்க, ஓய்வில் செய்யும் இப்பரீட்சை உதவாது. அங்கே கணுக்கால் விகிதமே போதுமானது. முற்றிய நோயிலோ, மற்றப் பரீட்சைகள் தடுமாறும் இடத்தில், இதற்கு இணையானவை சிலவே.

இடைப்பட்ட எண்களில், அதாவது 20க்கும் 40க்கும் நடுவே, காலைச் சிறிது உயர்த்தியோ முகமூடி மூலம் பிராணவாயு கொடுத்தோ மறுபடி அளப்பது வழக்கம். உயர்த்தியவுடன் 10 மில்லிமீற்றருக்கு மேல் விழுகின்ற கால் சேமிப்பில்லாத கால். பிராணவாயு கொடுத்ததும் எண் நன்றாக ஏறினால் பாதைகள் இன்னும் திறந்திருக்கின்றன என்று ஆறுதல் கொள்ளலாம். அசையாமல் நின்றால் மருந்து கட்டுவதில் காலத்தைக் கழிப்பது ரோகிக்குச் செய்யும் அநியாயம்.

பரீட்சையைப் பிழையாக்கும் காரணங்களையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். வீங்கிய காலில் நீர் கோத்த திசு பிராணவாயுவின் பாதையை நீளச் செய்து எண்ணைத் தாழ்த்தும். கிருமித்தொற்று மூண்ட தோலில் அழற்சியே பிராணவாயுவை விழுங்கிவிடும். ஆதலால் சீழ் கட்டிய காலை முதலில் கீறிச் சீழை வெளியேற்றி, தொற்று தணிந்த பின்னரே அளக்கவேண்டுமேயன்றி, எண்ணுக்காகக் கீறலைத் தாமதிக்கலாகாது. உள்ளங்காலின் தடித்த தோலில் அளவு செல்லாது. ஒரு சிகரெட்டும் போதும்: 1991இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஓர் ஆய்வில் புகைத்தபின் தோலடித் திசுவின் பிராணவாயு அழுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்து, அரை மணி நேரத்துக்கு மேலும் அப்படியே நின்றது. புகைப்பதை நிறுத்தும்படி ரோகியிடம் வெறும் உபதேசமாகச் சொல்வதிலும், திரையில் அவருடைய காலின் எண்ணைக் காட்டிச் சொல்வது பலிக்கும் என்பது என் நம்பிக்கை.

இங்கே ஒரு மயக்கத்தையும் நீக்கவேண்டும். கொரோனாக் காலத்தில் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்ட, பிராணவாயு காட்டும் விரற்கவ்வியைக் காலின் விரலில் மாட்டி, 98 என்று காட்டியதும் இரத்தவோட்டம் நன்றாக இருக்கிறதென்று மகிழ்கிறவர் உண்டு. ஜப்பானியரான தக்குவோ அவோயாகி 1974இல் கண்ட அந்தக் கருவி, வருகின்ற இரத்தம் பிராணவாயுவால் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைச் சொல்லுமேயன்றி எவ்வளவு இரத்தம் வருகிறது என்பதைச் சொல்லாது. சொற்பமாக வரும் இரத்தமும் நுரையீரலில் நிரம்பி வந்ததாயின் 98 என்றே காட்டும். மேலும் அது ஒளியால் அளப்பது. கருந்தோலில் அது குறைவைத் தவறவிடும் சாத்தியம் வெண்தோலைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. கிளார்க்கின் மின்வாய் மின்னோட்டத்தால் அளப்பதாகையால் தோலின் நிறம் அதைத் தடுமாறச் செய்வதில்லை. நம்மவருக்கு இது சிறிய நன்மையன்று.

ஆறாத புண்கள் யாவும் இரத்தக்குறைவால் வருவனவுமல்ல. மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவில் ஆங்கிலேயர் காலந்தொட்டு இயங்கிய தொழுநோய் வைத்தியசாலையை அறியாதார் இம்மாவட்டத்தில் இல்லை. தொழுநோயாளரின் விரல்கள் சதை கெட்டு அழுகி விழுகின்றன என்றே உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1946இல் வேலூருக்கு வந்த போல் பிராண்ட் என்னும் சத்திரசிகிச்சை வைத்தியர் அந்நம்பிக்கையைத் தகர்த்தார்: சதை நல்ல சதையே, உணர்ச்சி இழந்ததனால் ரோகி அறியாமலே அதைத் தேய்த்தும் சுட்டும் சிதைத்துக்கொள்கிறார், காலுக்கு ஓய்வு கொடுத்துச் சாந்துக் கட்டுப் போட்டால் புண் ஆறும் என்று அவர் நிரூபித்தார். நீரிழிவிலும் இவ்விரு வழிகளும் உண்டு. நரம்பு மரத்த கால், நாடி அடைத்த கால், சில வேளை இரண்டும் ஒன்றாய் வந்த கால் என்று மூன்று வகை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்குப் புண் புண்ணாகவே தெரியும். ஆனால் முதலாவதற்கு வேண்டியது அழுத்தம் நீக்குதல், இரண்டாவதற்கு வேண்டியது இரத்தவழியைத் திறத்தல். பாதத்தின் எண் 55 என்று நிற்கும்போது ஆறாத புண்ணுக்கு நாடியைக் குறை கூற முடியாது. செருப்பையும் நடையையும் கவனிக்கவேண்டும். எண் 18 ஆக இருக்கும்போது எவ்வளவு நல்ல செருப்பும் புண்ணை ஆற்றாது. வைத்தியரை இந்தப் பிரிவுக்கு நிர்ப்பந்திப்பது இப்பரீட்சையின் பெரிய உபகாரம்.

எல்லா முயற்சியும் தவறிக் காலை எடுத்தே ஆகவேண்டும் என்னும் நிலை வரும்போது வினா வேறு உருவம் கொள்கிறது: எங்கே எடுப்பது? தாழ்வாக எடுத்தால் வெட்டுவாய் ஆறாமல் மறுபடியும் சத்திரசிகிச்சை. உயர்வாக எடுத்தால் ஆறிவிடும், ஆனால் முழங்கால் போய்விடும். முழங்கால் தப்பினவர் செயற்கைக் காலோடு நடக்கப் பழகும் சாத்தியமும், முழங்கால் இழந்தவர் சக்கரநாற்காலியில் அமரும் சாத்தியமும் ஒன்றல்ல. 1968இல் ராம்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் சேதி என்னும் வைத்தியரும் ஜெய்ப்பூரில் உருவாக்கிய இறப்பர்ப் பாதம் வெறுங்காலோடு நடக்கவும், குந்தி இருக்கவும், சேற்று வயலில் இறங்கவும் ஏற்றதாக அமைந்தது; அதன் முழுப் பயனும் முழங்கால் உள்ளவருக்கே கிட்டும். பாதம், கெண்டை, தொடை என்று பல இடங்களில் மின்வாய்களை ஒட்டி எந்த உயரத்தில் தோல் ஆறத்தக்கதாக இருக்கிறது என்று முன்கூட்டியே பார்ப்பதனால் அநாவசியமாக இழக்கப்படும் முழங்கால்கள் தப்பும். 40க்கு மேல் ஆறும் என்றும் 20க்குக் கீழ் ஆறுவது அரிது என்றும் கொண்டு, நடுவிலுள்ளவற்றைத் தோலின் வெப்பம், வெட்டும்போது கசியும் இரத்தம் ஆகிய சத்திரசிகிச்சையாளரின் கண்சாட்சியங்களோடு சேர்த்து முடிவு செய்வதே தக்கது. எண் தனியே தீர்ப்பளிக்க இடங்கொடுத்தல் ஆகாது.

இவ்விடத்தில் வாகரைக்கு உரிய ஒரு விசேஷத்தை மறந்துவிடலாகாது. 2006இன் இறுதியிலும் 2007இன் தொடக்கத்திலும் இப்பிரதேசத்தைச் சூழ்ந்து நடந்த யுத்தத்திலும், அதற்கு முந்திய வருஷங்களிலும் எறிகணையாலும் கண்ணிவெடியாலும் ஒரு காலை இழந்தவர்கள் இன்று நடுவயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். நாட்டில் ஏனையோருக்கு வரும் நீரிழிவு அவர்களுக்கும் வருகிறது. இருபது வருஷமாகச் சரீரத்தின் பாரத்தைப் பெருமளவு சுமந்த அந்த ஒரே காலில் வருகின்ற சிறு புண்ணை மற்றவர்களின் புண்ணோடு ஒரே வரிசையில் நிற்கவைப்பது நீதியாகாது. அத்தகையோரின் பாதத்தைப் புண் வருமுன்னரே வருஷந்தோறும் பார்த்துக் குறித்துவைக்கவேண்டும் என்பதை நான் வற்புறுத்திச் சொல்வேன்.

எந்த இடத்தில் எந்தப் பரீட்சை என்பதே இனி எஞ்சியுள்ள விஷயம். தோலின் பிராணவாயுவை அளக்கும் கருவி டென்மார்க், சுவீடன் முதலிய நாடுகளில் செய்யப்படுவது. சவ்வும் திரவமும் ஒட்டும் வளையமும் இடையறாது வாங்கப்படவேண்டும். பழகிய கை வேண்டும். ஒரு ரோகிக்கு முக்கால் மணி நேரம் செல்லும். அதனை ஒவ்வொரு கிராம வைத்தியசாலையிலும் வைக்கவேண்டும் என்று கேட்பது பொருத்தமன்று. காலை எடுப்பதா விடுவதா என்னும் முடிவு எங்கே எடுக்கப்படுகிறதோ அங்கே, மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை போன்ற இடத்தில், அது இருக்கவேண்டும். வாகரை வைத்தியசாலையின் கிளினிக்கில் வேண்டுவன வேறு. ரோகியின் செருப்பைக் கழற்றுவித்து, பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலின் உட்புறத்திலும் நாடி துடிக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பது. விரல் நுனியை அழுத்தி விட்டு நிறம் திரும்பும் நேரத்தைக் கவனிப்பது. காலை உயர்த்தும்போது வெளுத்தும் தொங்கவிடும்போது செந்நீலமாகவும் மாறுகிறதா என்று பார்ப்பது. மெல்லிய நைலோன் இழையால் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பது. கைக்குள் அடங்கும் டொப்ளர் கருவியால் நாடியின் ஓசையைக் கேட்பது. கணுக்கால் நாடி சுண்ணத்தால் விறைத்திருப்பினும் கால்விரலின் சிறு நாடிகள் பெரும்பாலும் அதற்குத் தப்பும் ஆகையால், விரலுக்குரிய சிறு பட்டையும் ஒன்று இருந்தால், நடுத்தரச் செலவில் நல்ல செய்தி கிடைக்கும். 30 மில்லிமீற்றருக்குக் கீழ்ப்பட்ட விரல் அழுத்தம் உடையவரை வழியிலுள்ள வாழைச்சேனை வைத்தியசாலையில் தாமதிக்க விடாமல் நேரே மட்டக்களப்புக்கு அனுப்பலாம்.

வாகரையிலிருந்து பனிச்சங்கேணிப் பாலத்தைத் தாண்டி மட்டக்களப்பு நகரம் 60 கிலோமீற்றருக்கு மேல். கூலித் தொழிலாளிக்கு அது ஒரு நாட்சம்பளமும் துணைக்கு வருகிறவரின் நாட்சம்பளமும் பஸ் கட்டணமும் சேர்ந்த தூரம். ஆதலால் அங்கே ஒருமுறை சென்றவருக்கு ஒரே நாளில் நாடிப்படமும் தோலின் அளவும் சத்திரசிகிச்சையாளரின் பார்வையும் கிடைக்கும்படி ஒழுங்கு செய்வது, கருவி வாங்குவதைப் போலவே முக்கியமானது. அடைத்த நாடியைப் பலூனால் விரித்த பிறகும் ஒரு விஷயம் உண்டு. நாடி திறந்த மறுநாளே தோலின் எண் ஏறிவிடுவதில்லை. நீரிழிவுப் பாதங்களில் அது படிப்படியாக உயர்ந்து உச்சத்தை அடைய மூன்று நான்கு கிழமைகள் செல்லும் என்று 2005இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்று காட்டியிருக்கிறது. ஆகவே தொற்று அடங்கியிருக்கும் வரையில், கறுத்த விரலை எடுப்பதையும் புண்ணைத் தைத்து மூடுவதையும் அத்தவணை முடியும்வரை பொறுத்துச் செய்வது நலம். முதற்கிழமையில் எடுத்த தாழ்ந்த எண்ணைக் கண்டு சிகிச்சை தோற்றது என்று காலைக் கைவிடுவது அவசரம். அந்த நான்காம் கிழமையின் இரண்டாவது அளவுக்காக ரோகி மறுபடியும் 60 கிலோமீற்றர் வரவேண்டும். வீட்டுக்குத் துண்டு எழுதிக் கொடுக்கும்போதே அத்திகதியும், அன்று அவரை ஏற்றிவரும் வைத்தியசாலை வாகனமும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.